சத்தம் நின்றால் போதுமா?

எங்கள் எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவின் சார்பில் இவ்விதழில் மாவுக்கட்டு, உடற்பயிற்சி, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக எழுதி வருகிறோம். இம்முறை, பழைய மோட்டார் சைக்கிளில் கிறீச்சிடும் பிரேக்கைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறோம். மருத்துவர்களுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் வார்டை ஒருமுறை சுற்றி வந்தால் விடை கிடைத்துவிடும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். உயிர் தப்பியவர்களை நாங்கள் பார்க்கிறோம். விபத்து எப்படி நேர்ந்தது என்று அவர்களிடம் விசாரிப்பது எங்கள் வழக்கம். அடி எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்பது தெரிந்தால்தான் எந்த எலும்பை, எந்த மூட்டை ஐயுற வேண்டும் என்பது விளங்கும். அவ்விசாரணையில் வேகம், மது, தலைக்கவசம் ஆகியவை அடிக்கடி வருகின்றன. "பிரேக் பிடிக்கவில்லை" என்பதும் வருகிறது. முன்னவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பின்னதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வலது தொடை எலும்பு முறிந்து எங்களிடம் சேர்க்கப்பட்டார். வேலைக்குச் சென்றுவர அவருடைய குடும்பத்தார் பழைய வண்டி ஒன்றை வாங்கித் தந்திருந்தனர். இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள சாதாரண வண்டி. வாங்கிய முதல் வாரத்திலிருந்தே பின் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிட்டது. யாரோ ஒருவர் டிரம்முக்கும் மூடித்தட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் என்ஜின் ஆயிலைச் சில சொட்டுகள் விட்டுக் கொடுத்தார். அன்றே சத்தம் நின்றது. சில நாட்களுக்குப் பின் ஒரு கிளைச்சாலையிலிருந்து டிராக்டர் திரும்பியபோது அவர் முழு பலத்துடன் பிரேக்கை மிதித்தார். கால் கீழே போயிற்று; வண்டி நிற்கவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் அவருடைய தாயார் எங்களிடம் சொன்னது இது: "சத்தம் நின்னு போச்சுங்க டாக்டர், வண்டி சரியாயிடுச்சுன்னுதான் நெனச்சோம்."

அந்த அம்மையார் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. காய்ச்சல் இறங்கினால் நோய் தீர்ந்தது, வலி போனால் புண் ஆறியது என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் பிரேக்கைப் பொறுத்தவரை சத்தம் வேறு, பழுது வேறு என்பதே எங்கள் கருத்து. கிறீச்சிடும் பிரேக்குகளில் பல, பிடிப்பில் குறையின்றி இருக்கின்றன. சிறிதும் ஓசையில்லாத பிரேக்குகளில் சில, ஆளைக் கொல்லும் நிலையில் இருக்கின்றன. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஆகவே மெக்கானிக்கிடம் "சத்தத்தை நிறுத்திக் கொடுங்கள்" என்று கேட்பதை விட்டு, "சத்தம் ஏன் வருகிறது என்று கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். முதற்கேள்விக்கு ஆயில் சொட்டே ஒரு விடையாகிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்குச் சக்கரத்தைக் கழற்றாமல் விடை சொல்ல இயலாது.

டிரம் பிரேக்கின் அமைப்பு எளியது. சக்கரத்தின் நடுவே ஒரு வட்டமான உலோகக் கிண்ணம்; அதுவே டிரம். அதனுள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதியை அழுத்தியதும் கேம் என்னும் சிறு துண்டு திரும்பி ஷூக்களை அகற்றுகிறது. ஷூவின்மேல் ஒட்டியுள்ள சொரசொரப்பான லைனிங், டிரம்மின் உட்சுவரில் உரசிச் சக்கரத்தை நிறுத்துகிறது. அந்த உரசல் சீராக இருக்கும்வரை ஓசை எழாது. லைனிங் சுவரைப் பற்றி, நழுவி, மீண்டும் பற்றும்போது அதிர்வு பிறக்கிறது. ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலியைப் போன்றது இது. ஒரு நொடியில் பல நூறு, ஏன் ஆயிரம் முறைக்கு மேலும் இவ்வாறு நிகழ்வதால் டிரம் மணிபோல் அதிர்கிறது. நம் காதில் விழும் கிறீச்சொலி அதுவே.

அந்த அதிர்வுக்குக் காரணங்கள் பல. மிக எளியதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் உறவினர் பலருக்கு இது நேர்கிறது. நோயாளியைச் சேர்த்த நாளில் வண்டி நிறுத்துமிடத்தில் விட்ட வண்டி, பத்து நாள் மழையிலும் வெயிலிலும் அங்கேயே நிற்கும். டிரம்மின் உட்சுவரில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். வீட்டுக்குப் புறப்படும்போது முதல் சில நிறுத்தங்களில் சத்தம் வரும், பிறகு தானே மறையும். பனி பெய்த காலையிலும் அப்படியே. இதற்காக யாரும் கவலைப்படவோ செலவு செய்யவோ வேண்டியதில்லை. மறையாத சத்தம்தான் ஆராயத்தக்கது. உள்ளே தூசி சேர்ந்திருக்கலாம். லைனிங் சூடேறி இறுகி, பளிங்குபோல் வழவழப்பாகியிருக்கலாம். கேம் கிரீஸின்றி உலர்ந்து, ஷூக்கள் ஒருபுறமாக மட்டும் உரசலாம். ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். லைனிங் அடியோடு தேய்ந்து உலோகத்தின்மேல் உலோகம் உரசும் நிலையும் வரும். அப்போது கிறீச்சொலி மாறிக் கரகரவென்று அரைக்கும் ஓசை கேட்கும். அதைக் கேட்ட பின் வண்டியை ஓட்டிச் செல்லாமல் தள்ளிச் செல்வதே நல்லது.

பழைய வண்டிகளில் நாங்கள் கேள்விப்படும் காரணம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஷூ தேயத் தேய மிதி கீழே இறங்கும். அதைச் சரிசெய்யப் பின்னால் உள்ள நட்டை முறுக்குவார்கள். அது முறையான செயலே. ஆனால் சிலர் பிரேக் "ஷார்ப்பாக" இருக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி முறுக்கிவிடுகிறார்கள். மிதியைத் தொடாதபோதும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கிறது. டிரம் கொதிக்கிறது, லைனிங் இறுகிப் பளபளக்கிறது, சத்தம் தொடங்குகிறது, பிடிப்பு குறைகிறது. குறைந்த பிடிப்பை ஈடுசெய்ய நட்டு மீண்டும் முறுக்கப்படுகிறது. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் உண்மை தெரிந்துவிடும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். மிதிக்கும் பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் சற்று இடைவெளி இருக்க வேண்டும்; பல வண்டிகளில் அது ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர். பல வண்டிகளின் பிரேக் கைப்பிடிக் கம்பியருகே ஓர் அம்புக்குறியும், மூடித்தட்டில் ஒரு கோடும் உண்டு. முழுதாக மிதிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் லைனிங்கின் ஆயுள் முடிந்தது என்று பொருள். சக்கரத்தைக் கழற்றாமல் வீட்டிலுள்ளோரே இதைப் பார்க்கலாம். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவே.

கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் செய்ய வேண்டியதும் பெரிய வேலையன்று. தூசியைத் துடைப்பது, வழவழப்பான லைனிங்கை உப்புத்தாளால் இலேசாகத் தேய்ப்பது, கேம் திரும்பும் இடத்தில் மட்டும் மிகச் சிறிதளவு கிரீஸ் இடுவது, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவது. லைனிங் தேய்ந்திருந்தாலோ எண்ணெயில் ஊறியிருந்தாலோ புதிய ஷூ போடுவது ஒன்றே வழி. எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தி மீண்டும் போடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். உள்ளே ஊறிய எண்ணெய், டிரம் சூடாகும்போது மறுபடியும் மேலே கசியும். ஷூவின் விலை சில நூறு ரூபாய். தொடை எலும்பு முறிந்தால் அந்தத் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் கசியக்கூடும். எலும்பினுள் கம்பி பொருத்த வேண்டும், எலும்பு கூடி வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டு செலவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு அடிக்கடி கிடைக்கிறது.

டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் கருந்தூசியை வாயால் ஊதுவதும், காற்றடிக்கும் குழாயால் அடித்து வெளியேற்றுவதும் பட்டறைகளில் இயல்பாக நடக்கின்றன. இதை மருத்துவர்கள் என்ற முறையில் வன்மையாக மறுக்கிறோம். முன்பு பிரேக் லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பரவலாகக் கலக்கப்பட்டது. நம் நாட்டில் அதற்கு இன்றுவரை முழுத்தடை இல்லை. ஒரு பழைய ஷூவில் அது இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கினால், இருபது முதல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். உங்கள் வண்டியின் டிரம்மை ஊதும் பட்டறைப் பையனுக்கு வயது பதினெட்டோ இருபதோ இருக்கும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அத்துணியைப் பையில் கட்டி எறியச் சொல்லுங்கள். குழந்தைகளை அருகில் நிறுத்தி வேடிக்கை காட்டாதீர்கள்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். பேட் தேய்ந்திருப்பது, அதன் முகம் வழவழப்பானது, கேலிப்பர் நகரும் பின் உலர்ந்தது ஆகியவையே அங்கு வழக்கமான காரணங்கள். சில பேட்களில் தேய்மானம் எல்லையை எட்டியதும் ஒரு தகடு டிஸ்க்கை உரசிக் கிறீச்சிடும்படி வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். அந்த ஓசையை அடக்குவது எச்சரிக்கை மணியின் நாக்கை அறுப்பதற்கு ஒப்பாகும். பேடின் முகத்தில் பள்ளக்கோடு இருந்தால், அது மறையும் நிலையில் பேடை மாற்ற வேண்டும். டிஸ்க்கின்மேல் ஆயில், துருநீக்கித் தெளிப்பான், சங்கிலிக்கான ஸ்பிரே எதுவும் படலாகாது. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கின்மேல் தெறிப்பது அடிக்கடி நேரும் விபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பழைய வண்டி வாங்கினால் அது எப்போது மாற்றப்பட்டது என்று ஆராய்வதைவிட, உடனே மாற்றிவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வருவதே எளிது.

இனி, குடும்பத்தாரிடம் ஒரு சொல். வீட்டில் வண்டியை வாங்கித் தருபவர் பெரும்பாலும் தந்தையோ மாமாவோ. வாங்கும் நாளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து "சத்தம் ஒன்றும் இல்லையே" என்று சொல்பவரும் அவரே. வயது ஏற ஏற முதலில் குறைவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் திறன். பிரேக்கின் கிறீச்சொலி அவ்வகையைச் சேர்ந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரருக்குக் கேட்காத ஒலி, பின்னால் அமர்ந்திருக்கும் பதினைந்து வயது மகளுக்குத் தெளிவாகக் கேட்கும். அவளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

பழைய வண்டி வாங்கியவுடன் நம் இளைஞர்கள் செய்யும் முதற்செலவு எது என்று பார்த்தால் எங்களுக்கு வருத்தமே மிஞ்சுகிறது. சீட் கவர், ஸ்டிக்கர், புதிய ஹாரன், உறுமும் சைலன்சர். முன்னிருந்தவர் கொடுத்த நிலையில் பிரேக் அப்படியே கிடக்கும். முதற்செலவு பிரேக்குக்கும் டயருக்கும்தான் என்று பெற்றோர் உறுதியாக நிற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பணம் தருபவருக்கு அந்த உரிமை உண்டு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிப் பாகங்களைத் தேடி வாங்குவதில் தவறில்லை. மட்கார்டு, கைப்பிடி, விளக்குக்கூடு எதையும் வாங்கலாம். பிரேக் ஷூவும் பேடும் மட்டும் புதியனவாக, பெட்டியில் பெயரும் எண்ணும் உள்ளனவாக இருக்கட்டும். மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ்., மற்றவற்றுக்கு அதுவோ, முன்பின் பிரேக்குகளை இணைக்கும் சி.பி.எஸ்.ஸோ கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் இவை இரா. ஓட்டுபவரின் கையும் காலுமே அங்கு எல்லாம்.

கையைப் பற்றிச் சொல்லும்போது, முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்ற அச்சம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதையும் குறிப்பிட வேண்டும். மேலே சொன்ன இளைஞரும் பின் பிரேக்கை மட்டுமே பழகியவர். நிற்க முனையும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. ஆகையால் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. இரண்டையும் ஒருசேர, முன்னதைப் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 16 மீட்டரில் நிற்கும். பிடிப்பு பாதியானால் 32 மீட்டர் தேவை. நல்ல வண்டி முற்றிலும் நின்றுவிட்ட அந்தப் பதினாறாவது மீட்டரில், பாதிப் பிடிப்புள்ள வண்டி இன்னும் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். எங்களிடம் வரும் முறிவுகளில் பல அந்த வேகத்தில் நேர்ந்தவையே.

எங்களிடம் சிகிச்சை முடித்துத் திரும்புவோர், வண்டியின் பிரேக் சரியாக இருந்தாலும் தம் உடல் அதற்கு ஆயத்தமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பின் பிரேக் வலது காலில், முன் பிரேக் வலது கையில். வலது கணுக்கால் முறிந்து தேறியவர் ஊன்றுகோலின்றி நடக்கலாம். ஆயினும் ஒரு நொடியில் காலை உயர்த்தி ஓங்கி மிதிப்பது நடப்பதைவிடக் கடினமான செயல். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு மிதி எவ்வளவு அழுந்தியது என்பதே தெரியாது. மணிக்கட்டு முறிவுக்குப் பின் பிடியின் வலிமை மீளச் சில மாதங்கள் ஆகும். தூக்கம் தரும் வலி மாத்திரை உட்கொள்பவர் வண்டியைத் தொடவே கூடாது. எப்போது ஓட்டலாம் என்பதை மறுபரிசோதனையின்போது எங்களிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி, ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்து பரிசோதனைக்கு வருவோரையும் காண்கிறோம். ஆட்டோவுக்கு ஆகும் செலவு உங்களுக்குச் சுமை என்பதை அறிவோம். வாராவாரம் வர வேண்டியதில்லாதபடி பரிசோதனை நாட்களைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேட்டால், இயன்றவரை அவ்வாறு செய்து தருகிறோம்.

பின்சக்கரத்தில் பஞ்சர் ஒட்டிய பிறகு வண்டியை வாங்கும்போது ஓர் இடத்தைப் பார்க்க மறவாதீர்கள். பல வண்டிகளில் பிரேக்கின் மூடித்தட்டு சக்கரத்தோடு சுழன்றுவிடாதபடி ஒரு கம்பி அதைப் பிடித்திருக்கும். அந்தக் கம்பியின் நட்டும், நட்டு கழலாமல் தடுக்கும் சிறு ஊசியும் திரும்பப் போடப்பட்டிருக்க வேண்டும். கைமாறிய வண்டிகளில் அந்த ஊசி தொலைந்திருப்பது சாதாரணம். நட்டு கழன்று விழுந்தால், மிதித்த நொடியில் தட்டு சுழன்று சக்கரம் இறுகிவிடக்கூடும்.

புதிய ஷூ போட்ட முதல் சில நூறு கிலோமீட்டர் வரை லைனிங் டிரம்மின் வளைவுக்கு முழுதாகப் பொருந்தியிராது. பிடிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும், இலேசான ஓசையும் எழலாம். அந்நாட்களில் மெதுவாகச் செல்லுங்கள். முன் செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே கூடுதல் தூரம் விடுங்கள். அதன் பிறகும் சத்தம் தொடர்ந்தால் அதே மெக்கானிக்கிடம் திரும்பிச் சென்று, உங்கள் கண்முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் குப்பியை அவர் கையில் எடுத்தால், வண்டியை வேறு பட்டறைக்குத் தள்ளிச் செல்லுங்கள்.